ஆத்தாளிடம் பூக் கேட்டோம்

சரவணம்பட்டி
27.4.97

அன்பு மகள் மதிவதனிக்கு அம்மா பாவாத்தாள் எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் வந்து வந்து போகிறது, நீ அங்கே நாக்பூரில் வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று தெரிந்தால் முழுச் சுகம் என்றே எழுதிவிடுவேன். 'அம்மா, நான் வீட்டுக்கே வந்துவிடட்டுமா' என்று நீ கேட்டிருந்த ஒற்றை வரிக்குப் பதில் எழுத இத்தனை நாளா என்று நினைத்திருப்பாய். என் பதில் அன்றைக்கே தயார். வா என்று எழுதி உறையை ஒட்டியும் வைத்துவிட்டேன். அப்பாதான் 'கொஞ்சம் பொறு புள்ள' என்று வாங்கி அரிசிப் பானைக்கு மேல் வைத்துவிட்டார். அவர் பதிலுக்காகத்தான் இவ்வளவு தாமதம், அதை விவரமாகச் சொல்கிறேன். மாப்பிள்ளை கையில் சிக்கக் கூடாது என்று நீ சொன்னபடியே உன் பக்கத்து வீட்டு ஜோவிதா டீச்சர் முகவரிக்கு இதை அனுப்புகிறேன், அந்த அம்மா நன்றாக இருக்கட்டும்.

முதலில் செடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை அடித்துக் கை வீங்கிய கதையை எழுதிவிட்டு அதே காகிதத்தின் அடியில் 'ஜாதிமல்லி வாடுது, என்ன செய்யட்டும்' என்று கேட்க உன்னால்தான் முடியும். தொட்டியை வெறும் சிமெண்டுத் தரையில் வைக்காதே, அடியில் இரண்டு செங்கல் கொடு, இல்லாவிட்டால் வேர் வெந்துபோகும். காலை வெயில் படட்டும், மேற்கு வெயில் வேண்டாம், ஒரு சாக்கை நனைத்து அந்தப் பக்கம் தொங்கவிடு. தண்ணீரை விடிகாலையில் ஊற்று, அடி ஓட்டையில் ஒழுகுகிற வரைக்கும் ஊற்று, போகும்போதும் வரும்போதும் அரை டம்ளர் ஊற்றினால் வேர் கீழே இறங்காமல் மேலேயே சுற்றிக்கொண்டு கிடக்கும். வெயில் தணிகிற வரை எருவும் வேண்டாம், கிளையைக் கத்தரிக்கவும் வேண்டாம், காய்ந்த குச்சியை மட்டும் ஒடித்துவிடு. மண்ணை மூடி வைப்பதுதான் முக்கியம், காய்ந்த இலையோ தேங்காய் நாரோ எது கிடைத்தாலும் சரி.

மண்ணை மூடுவது என்று எழுதியதும் மில்லுப் பஞ்சு ஞாபகம் வந்துவிட்டது. உனக்கு நினைவிருக்கிறதா, அப்பா மேஸ்திரியிடம் கேட்டுக் கழிவுப் பஞ்சை வாங்கி வந்து செடி தூரெல்லாம் சுற்றி வைப்பார், ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் இரண்டு நாளைக்கு ஈரம் நிற்கும். நீ எங்கள் வீட்டுச் செம்பருத்திக்குத் தாடி முளைத்துவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். முழுப் பரீட்சை லீவு விட்டால் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து கனகாம்பரம் கட்டுவாய். நீ முதல் முதலாகக் கட்டிய சரம் ஒரு சாண் கூட இருக்காது, நாலு பூவுக்கு நடுவில் ஒரு விரல் விடலாம், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா சிரிக்கவில்லை. அதை வாங்கி சைக்கிள் ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டு சிப்டுக்குப் போனார். மில்லு கேட்டில் எல்லோரும் கேலி செய்தபோது 'என்ற பொண்ணு கட்டுன பூவுங்க, வண்டிக்கு இன்னிக்குத்தான் ஆயுத பூசை' என்றாராம். சித்திரை மாதத்தில் எங்கேயடா ஆயுத பூசை என்று அதற்கும் ஒரு சிரிப்பு. இப்போது மில்லும் இல்லை பஞ்சும் இல்லை, தென்னை மட்டையைப் பரப்பி வைத்திருக்கிறேன், செம்பருத்தி தாடி இல்லாமல் பாவமாய் நிற்கிறது. அந்த நாளெல்லாம் திரும்பி வராதா என்று வாளியும் கையுமாக நின்றுவிடுகிறேன், தண்ணீர் வழிந்து காலில் பட்டால்தான் நினைப்பு வருகிறது.

இந்த வருடக் காலண்டரில் ரோஜாப் படத்துக்குக் கீழே, பூவைப் பார்த்துப் பொறுமையைக் கற்றுக்கொள் என்று அச்சடித்திருக்கிறான். அவன் ஒரு செடிக்காவது தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டான். பூச்செடி எங்கே பொறுத்துக்கொண்டு இருக்கிறது? தண்ணீர் போதவில்லை என்றால் முதலில் மொட்டை உதிர்க்கிறது, அப்புறம் இலையை உதிர்க்கிறது, எதை விட்டாவது தன் உயிரைப் பிடித்துக்கொள்கிறது. நான் இத்தனை வருடம் பூவிடம் கற்றது அதுதான். நீ மூன்றாவது படிக்கும்போது நடுமத்தியானத்தில் செடியெல்லாம் தலை தொங்கிவிட்டது என்று அழுதுகொண்டு ஓடி வந்தாய். அப்பா உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'மத்தியானம் வாடறது வாட்டமில்ல கண்ணு, பொழுது விடிஞ்சும் நிமிராட்டித்தான் வாட்டம்' என்றார். கல்யாணமான புதிதில் உன் கடிதங்களைப் பார்த்தபோது நாங்களும் மத்தியான வாட்டம் என்றே நினைத்தோம், பொழுது சாய்ந்தால் நிமிர்ந்துவிடுவாய் என்று இருந்துவிட்டோம். இரண்டு கோடை போய்விட்டது. இது விடிந்தும் நிமிராத வாட்டம் என்று உன் கடைசிக் கடிதத்தில்தான் எங்களுக்கு உறைத்தது.

உன் கடிதத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். மனுஷன் எழுந்து போய் நந்தியாவட்டைக்குத் தண்ணீர் ஊற்றினார், ஊற்றின செடிக்கே மறுபடியும் ஊற்றினார். மறுநாள் விஷயம் தெரிந்து பெரியப்பா வந்துவிட்டார். இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவர் அவர் அல்லவா, அவருக்குத்தான் முதலில் சுட்டது. 'கட்டிக் குடுத்த புள்ளையக் கொண்டாந்து ஊட்டுல வெச்சுக்கிட்டா நம்ம சனத்துல தலை நிமிந்து நடக்க முடியுமா? பொட்டப்புள்ளைங்கறது நாத்து மாதர, புடுங்கி நட்டாத்தான் வெளையும்' என்று உன் கல்யாணப் பந்தலில் சொன்னதையே திரும்பவும் சொன்னார். எனக்கு வந்ததே கோபம். நான் கல்யாணத்துக்கு முந்தி வயலில் இறங்கி நாற்று நட்டவள், அவர் வரப்பில் நின்று பார்த்தவர். 'நடறவங்க சேத்துல தண்ணி நிக்குதான்னு பாத்துட்டுத்தானுங்க நடுவாங்க, நீங்க பாத்தீங்களா' என்று கேட்டுவிட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன், ஆனாலும் அவர் காப்பியை வைத்துவிட்டுப் போய்விட்டார். போகும்போது அப்பாவிடம், ஊரும் உறவும் ஒத்துக்கொள்ள வேண்டுமானால் அந்தியூர் ஆத்தாளிடம் பூக் கேட்டுவிடு, அவள் சொன்னால் நான் வாயைத் திறக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா சரி என்று தலையாட்டினார்.

பூக் கேட்பது அப்பாவுக்கு விளையாட்டு இல்லை என்று உனக்குத் தெரியும். சாமி காலடியில் வைத்த இரண்டு பொட்டலத்தில் ஒன்றைப் பூசாரி எடுத்துப் பிரிக்கும்போது வெள்ளை வந்தால் செய்வார், சிவப்பு வந்தால் விட்டுவிடுவார், அதற்கு மேல் அப்பீல் கிடையாது. மொபெட் வாங்கலாமா என்று கேட்டுச் சிவப்பு வந்ததால்தானே இன்றுவரை அந்த ஓட்டை சைக்கிளை மிதிக்கிறார். 'ஏனுங்க, பெத்த புள்ள தன்ற ஊட்டுக்கு வாரதுக்கு எதுக்குங்க சாமிகிட்டக் கேக்கோணும், நாளைக்கு அவ கேட்டா என்னன்னு சொல்லுவீங்க' என்றேன். சத்தி பஸ்ஸில் ஏறி, சத்தியிலும் கோபியிலும் மாறி, அந்தியூர் போய் இறங்குகிற வரைக்கும் நான் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். சிவப்பு வந்தால் வரட்டும், நானே தனியாக நாக்பூருக்கு வண்டி ஏறிவிடுவது என்று புளியம்பட்டி தாண்டும்போதே முடிவு செய்துவிட்டேன். இந்தி தெரியாவிட்டால் என்ன, மகள் பேர் தெரியும்.

கேட்க வேண்டிய பூவை நம் வீட்டுச் செடியில்தான் பறித்துப் போனோம். சாமிக்குச் சூட்டவும் ஆகும் என்று வெள்ளை நந்தியாவட்டை ஒரு கை நிறையப் பறித்தேன். செவ்வரளியைப் பறிக்க எனக்கு மனசே வரவில்லை, வேண்டா வெறுப்பாக ஒன்றே ஒன்று கிள்ளி ஈரத்துணியில் வைத்துச் சுற்றினேன். கோயிலில் பெரியப்பா எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். அப்பா என்னிடம் துணியை வாங்கிக்கொண்டு 'நீ போயி வெளக்கேத்து, பொட்டலம் நான் கட்டிக்கறேன்' என்று கிணற்றுப் பக்கம் போய்ப் பூவரசு இலையில் இரண்டு பொட்டலம் கட்டி வந்தார். பூசாரி திருமலைசாமி அதை ஆத்தாள் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். எனக்கு ஆத்தாள் முகம் தெரியவில்லை, அந்த இரண்டு இலைதான் தெரிந்தது, எதில் என் மகள் இருக்கிறாள் என்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். பூசாரி வலது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. நான் வாய்விட்டு அழுதுவிட்டேன் கண்ணு, கோயில் என்றும் பார்க்கவில்லை, மச்சாண்டாராகிய உன் பெரியப்பா நிற்கிறார் என்றும் பார்க்கவில்லை. பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டு 'ஆத்தாளே வரச் சொல்லிப்போட்டா, இனி மனுசன் என்ன சொல்றது, போயிப் புள்ளையக் கூட்டிக்கிட்டு வா' என்றார். இப்போது நம் சனத்தில் யார் என்ன கேட்டாலும் அவர்தான் முன்னால் நின்று பதில் சொல்கிறார். அப்பா மற்ற பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய் வாய்க்காலில் விட்டுவிட்டு, வந்து ஆத்தாள் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. திருமலைசாமி தோளைத் தொட்டு எழுப்பிவிட்டார். நன்றி சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மே மாதம் ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை காலையில் அப்பா நாக்பூரில் இறங்குகிறார். நேராக ஜோவிதா டீச்சர் வீட்டுக்குத்தான் வருவார், நீயும் அங்கேயே இரு. உன் துணிமணியும் படித்த சர்டிபிகேட்டும் மட்டும் எடுத்துக்கொள், பாத்திரம் பண்டத்தை எண்ணிக்கொண்டு நிற்காதே. ஜாதிமல்லித் தொட்டியை டீச்சரிடம் கொடுத்து, தண்ணீர் ஊற்றுகிற விதத்தையும் சொல்லிவிடு, ரயிலில் தூக்கிக்கொண்டு வந்தால் அது பிழைக்காது. இங்கே ஜாதிமல்லிக்கா பஞ்சம். அப்பாவுக்கு முழங்கால் வலி என்பதால் மேல் பெர்த்தில் ஏறவிடாதே. ஸ்டேஷனில் அழாதே, அவர் தாங்க மாட்டார்.

இன்னொன்றும் எழுத வேண்டும், இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. கோயிலுக்குப் போய் வந்த மறுநாள் அப்பா சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் பஸ் டிக்கெட்டோடு அந்தச் செவ்வரளி வதங்கிக் கிடந்தது. நான் பறித்தது அந்த ஒன்றுதான், வாய்க்காலில் போன பொட்டலத்திலும் வெள்ளைதான் இருந்திருக்கிறது. துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். செருப்போடு கோயில் வளைவுக்குள் கால் வைக்காத மனுஷன், சாமி குற்றத்துக்கு அப்படி நடுங்குகிறவர், ஆத்தாள் கண் முன்னாலேயே இப்படிச் செய்திருக்கிறார். நான் அவரைக் கேட்கவில்லை, கேட்கப் போவதும் இல்லை. பூவை மண்ணில் புதைத்துவிட்டு, சட்டையை வெளுத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். ஆத்தாள் கோபித்துக்கொள்ள மாட்டாள், அவளும் பெண்தானே. உனக்கு அவள் துணை இருப்பாள், நாங்களும் இருக்கிறோம், நூறு வயசு நன்றாக இரு கண்ணு. அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வருகிறார். ஆத்தாள் வெள்ளைப் பூக் கொடுத்தாள், அதனால்தான் கூட்டிப் போக வந்தேன் என்று உன்னிடமும் சொல்வார். ஆமாங்கப்பா என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொள்.

இப்படிக்கு,
வாசலைப் பார்த்திருக்கும் அம்மா,
அ. பாவாத்தாள்