கால் ஆடும் நாற்காலி

அன்புள்ள அதிகாரி மகனுக்கு,

இடுப்பு வலி குறைந்ததா?

முதியோர் நலனுக்காக நாடுகள் எப்படிக் கைகோப்பது என்று பேச, நேற்று ஏழு நாட்டு அதிகாரிகளை எங்கள் முதியோர் இல்லத்துக்கு அழைத்து வந்தாய். என்னைத் தெரியாதவன் போலக் கடந்து போனாய், போகட்டும். உங்களுக்கு உட்கார இடம் போதவில்லை என்று எங்கள் நாற்காலிகளைத் தூக்கிப் போய்விட்டார்கள். நாங்கள் எல்லோரும் சுவரோரம் நின்றோம். உங்களில் ஒருவருக்குக்கூட அது உறைக்கவில்லை.

"யாருக்குய்யா இந்தக் கூட்டம்?" என்று முனகினார் பக்கத்துக் கட்டில்காரர்.

"நமக்குத்தான்" என்றேன்.

நீ உட்கார்ந்திருந்தது என் நாற்காலி. அதன் பின்கால் ஆடும், சாயக் கூடாது. அதைச் சொல்லத்தான் முட்டியைப் பிடித்துக்கொண்டு உன்னிடம் வந்தேன். அப்போது மைக்கில் சொன்னாய்: "எங்க நாட்டுல பெத்தவங்களைப் பிள்ளைங்கதான் பாத்துக்குவோம். எங்கப்பாகூட என்கூடத்தான் இருக்காரு."

வாயை மூடிக்கொண்டு சுவரோரம் திரும்பிவிட்டேன். எல்லோரும் கைதட்ட, நீ சொகுசாகச் சாய்ந்தாய்.

விழுந்த உன்னைத் தூக்க ஏழு நாடும் ஓடி வந்தது. சர்வதேச ஒத்துழைப்பு என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இப்படிக்கு,
உன்கூடவே இருக்கும்
அப்பா