கிராமபோனில் தகரச் சத்தம்

21 அக்டோபர் 1934, ஞாயிறு. காலை 7.10.

மூட்டம். மழை இல்லை. கிராமபோன் தட்டின் ஓரத்தில் வெள்ளைத் தாள் துண்டு ஒன்று செருகி, கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்து எண்ணினேன். மூன்று தடவை. நிமிடத்துக்கு 71, 71, 72 சுற்று. வேண்டியது 78. வேகத் திருகை முழுக்கத் திருப்பியும் இவ்வளவுதான். அதாவது நாதஸ்வரக்காரர் எங்கள் வீட்டில் சுருதி இறங்கித்தான் வாசித்துக்கொண்டிருக்கிறார். ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் இன்றுதான் தெரிந்தது.

ஊசி டப்பாவில் மீதி: 143. அம்மா காலில் முள் எடுக்க இதிலிருந்து எடுக்கிறாள். இனி எண்ணி வைப்பேன்.

மொத்தக் குறைகள்: வேகம் குறைவு. சத்தம் சின்னது. மேல் ஸ்தாயி போகும்போது தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஓர் அதிர்வு. இந்த மூன்றாவதுதான் மோசம். போன வாரம்தான் ஆரம்பித்தது.

போன வருஷம் ஊருக்குப் போன வெள்ளைக்கார இன்ஜினீயர் வீட்டு லெலோங்கில் அப்பா ஏலம் கேட்டு எடுத்த மெஷின். ரிக்‌ஷாவில் வைத்தால் குலுங்கும் என்று தலையில் சுமந்தே பிரிக்பீல்ட்ஸ் வரை நடந்து வந்தார். ரயில்வே பட்டறையின் பாய்லர் பகுதியில் இருபத்துநாலு வருஷமாக ரிவெட் அடிப்பவர், ஞாயிற்றுக்கிழமை ஆனால் நாதஸ்வர பிளேட்டின் முன்னால் கண்ணை மூடி உட்காருவார். இப்போது கொஞ்ச நாளாக நான் சாவி கொடுக்க ஆரம்பித்ததுமே, "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்று எழுந்து கத்திரிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுகிறார். இன்றும் அப்படித்தான். வானம் இருட்டிக்கொண்டு நிற்கும்போது செடிக்குத் தண்ணீர்!

மெஷின் கெட்டுவிட்டது, சொல்ல மனசில்லை, அதுதான் காரணம். வரும் ஞாயிறு 28. அதற்குள் சரிசெய்து, பிளேட்டின் இரண்டு பக்கமும் முடியும்வரை அவரை உட்கார வைக்கவில்லை என்றால் நான் படித்த டெக்னிக்கல் கிளாஸ் வீண்.

22, திங்கள்.

பட்டறை விட்டு வந்ததும் மோட்டாரைக் கழற்றினேன். ஸ்பிரிங் டப்பாவுக்குள் பழைய கிரீஸ் அல்வா மாதிரி கறுத்து இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, புது கிரீஸில் பென்சில் கரி கலந்து போட்டேன். கை முழுக்கக் கறுப்பு. ஸ்பிரிங் ஒரு தடவை துள்ளி விரலை வெட்டியது.

எண்ணிக்கை: 78, 78, 78.

தகரச் சத்தம் போகவில்லை. வேகம் சரியானதும் இன்னும் நன்றாகக் கேட்கிறது. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துக் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா, வேலிக்கு மேலே தலையை நீட்டினார்.

"தம்பி, உது என்ன சத்தம்? ஆரும் உள்ளுக்கு வாளி சுரண்டுகினமோ?"

"நாதஸ்வரம், ஐயா."

"ஓமோ? நான் வாளி எண்டெல்லோ நினைச்சன்."

சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டேன், வேகம் இப்போது சரியா என்று. சோற்றையே பார்த்துச் சாப்பிடுகிறார். இரண்டாம் தடவை கேட்டேன். மூன்றாம் தடவை கத்திவிட்டேன்: "ஒரு வார்த்தை சொன்னா என்னப்பா கொறஞ்சிடும்?"

நிமிர்ந்து பார்த்தார். "நல்லாருக்கு" என்றார்.

அம்மா என்னை முறைத்தாள். "தள்ளி ஒக்காந்துகிட்டுக் கத்தாதடா. கேக்கணும்னா முன்னால வந்து கேளு."

இதில் முன்னால் என்ன, பின்னால் என்ன?

23, செவ்வாய்.

ஊசிப் பரிசோதனை. அம்மாவை அடுப்படிக் கதவுப் பக்கம் நிறுத்தி:

தடித்த எஃகு ஊசி: சத்தம் பெரிது. தகரமும் பெரிது.
மெல்லிய எஃகு ஊசி: இரண்டும் குறைவு.
மூங்கிலை முக்கோணமாகச் சீவிய ஊசி: சத்தம் பாதிதான். ஆனால் இரைச்சல் இல்லை, வழுவழு. தகரம் இன்னும் இருக்கிறது.

அப்படியென்றால் ஊசி குற்றவாளி இல்லை. அம்மா: "எனக்கு எல்லாம் ஒண்ணுதான், போட்டு முடி, அரிசி கொதிக்குது."

24, புதன்.

கண்டுபிடித்துவிட்டேன். எழுதவே வெட்கம். இருந்தாலும் எழுதுகிறேன்.

ஊசி மாட்டும் வட்டத் தலையை, சவுண்ட் பாக்ஸை, பிரித்தேன். உள்ளே காக்காப்பொன் (மைக்கா) தகடு. அதுதான் அதிர்ந்து சத்தம் போடும். காகிதம் போல மெல்லியது. நடுவில் காய்ந்து வெடித்த சந்தனம், பத்து சென்ட் காசு அகலம். மேலே குங்குமம். வெடித்த சில்லுகள் ஓரத்து ரப்பர் வளையத்தில் சிக்கிக் கடகடவென்று ஆடுகின்றன. போன வாரம் ஆயுத பூசை!

நேரே அடுப்படிக்குப் போனேன்.

"ஏம்மா, எதுல எதுல பொட்டு வைக்கிறதுன்னு ஒரு கணக்கு இல்லையா? அம்மிக்கு வைக்கிற மாதிரி இதுக்கும் அப்பி வச்சிருக்கே!"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "நானா வச்சேன்? சுத்தி, ஸ்பேனரு, மீட்டரு எல்லாத்துக்கும் நீதானேடா வச்சே? 'இதுதாம்மா மெஷினுக்கு நெத்தி'ன்னு கம்பி எல்லாம் வெலக்கி நடுவுல பாத்து வச்சது யாரு?"

உண்மை. பட்டறையில் பிரஷர் மீட்டர் கண்ணாடிக்கெல்லாம் வைத்துவிட்டு, அதே கையோடு வீட்டிலும் வைத்தேன். மீட்டருக்குக் கண்ணாடி இருக்கிறது, இதற்கு இல்லை. முட்டாள்: நான். வேறு யாரும் இல்லை.

25, வியாழன். மாலை முழுதும் மழை.

தகட்டை ஈரப் பஞ்சால் துடைத்தேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு. ரப்பர் வளையம் கல்லாகியிருந்தது. சைக்கிள் டியூபில் இரண்டு வளையம் வெட்டிப் போட்டேன். சத்தம் வெளிவரும் கொம்பு சேரும் இடத்தில் காற்றுக் கசிவு. தோல் சுற்றித் தேன்மெழுகு தடவினேன்.

போட்டேன். அடடா. வேறு மெஷின். தவில் தனியாக, ஒத்து தனியாக, ஒவ்வொன்றும் தன் இடத்தில். மழைச் சத்தத்தையும் மீறி வீட்டு வரிசை முழுக்கக் கேட்டிருக்கிறது. கிராணி குடையோடு வந்து வாசலில் நின்றார்.

"இது நாதஸ்வரம்" என்றார். அவ்வளவுதான். அவர் வாயிலிருந்து அதுவே பெரிது.

அப்பா ஓவர்டைம். நல்லது. ஞாயிறு வரை அவருக்குப் போட்டுக் காட்டப் போவதில்லை.

26, வெள்ளி.

பட்டறையில் எங்கள் சார்ஜ்மேன், வேலையை மேற்பார்க்கிறவர், கூப்பிட்டார். பத்துப் பேர் முன்னால்.

"ராசு, ஒங்கப்பாருக்கு வேலை மேல அவ்வளவு ஆசையா? தலைக்கு மேல கிரேன் வருது, மணி அடிக்கிறான், மனுசன் நகரமாட்டேங்கிறாரு. நேத்து சட்டையப் புடிச்சு இழுக்க வேண்டியதாப் போச்சு லா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும். "அவர் அப்படித்தாண்ணே, புடிவாதம்" என்றேன்.

வீட்டில் அப்பாவின் சட்டைக் கழுத்து கிழிந்திருந்தது. அம்மா தைத்துக்கொண்டிருந்தாள்.

28, ஞாயிறு.

காலை 8.00. வெயில். தடித்த எஃகு ஊசி, புதியது. 78 சுற்று. அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, கத்திரிச் செடி வாளியை ஒளித்துவைத்தேன்.

உட்கார்ந்தார். கண்ணை மூடினார். தொடையில் தாளம். மெஷின் இவ்வளவு நன்றாக ஒருநாளும் பாடியதில்லை. நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி.

பிளேட் முடிந்தது. ஊசியைத் தூக்கினேன். வீட்டில் சத்தமே இல்லை.

அப்பா கை தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.

எட்டு தட்டு எண்ணினேன். பிறகு எண்ணவில்லை. கண்ணைத் திறந்து, தட்டு நின்றிருப்பதைப் பார்த்து, கையை மெல்ல மடியில் வைத்துக்கொண்டார். "நல்லாருக்கு" என்றார். எழுந்து வாளியைத் தேடினார். எடுத்துக் கொடுத்தேன்.

அம்மா அடுப்படியில், என்னைப் பார்க்காமல்: "மூணு வருசமா கொஞ்சங் கொஞ்சமா. ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னாரு. படிச்ச புள்ள, பட்டறையில ஒளறிடுவான்னு."

சேர்த்துப் பார்த்தால் எல்லாம் நேராக வருகிறது. செடி. சாப்பாடு. கிரேன். நான் சிரித்தது.

மதியம் 1.20 ரயிலில் கிள்ளான். பள்ளித் தோழன் பொன்னுசாமி அங்கே ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர், கம்பவுண்டர் மாதிரி. கேட்டதும் ஆச்சரியமே படவில்லை.

"பாய்லர்காரனுக்கு இது வர்றதுதான்டா. உள்ளே ஒருத்தன் ரிவெட்டத் தாங்குவான், வெளியே ஒருத்தன் அடிப்பான். காது என்ன இரும்பா?"

"மருந்து?"

"இல்லே."

"ஆபரேஷன்?"

"இல்லேங்கிறேன்ல. மிச்சம் இருக்கிறத வச்சு ஓட்டணும். கிட்டக்க நின்னு, மூஞ்சியப் பாத்துப் பேசு. ஒன்ன மாதிரி முதுகுப் பக்கமிருந்து கத்துனா யாருக்கும் எரிச்சல்தான் வரும்."

மார்பில் வைக்கும் பக்கம் உடைந்துபோன பழைய ஸ்டெதாஸ்கோப் ஒன்று அலமாரியில் கிடந்தது. கேட்டேன். "கிராமபோனுக்கு நாடி பாக்கப் போறியா?" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தான்.

ஆமாம், அதுதான் யோசனை. அறை முழுக்கப் பரவுகிற சத்தத்தை ஒரே குழாயில் அடைத்து நேரே காதுக்கு.

30, செவ்வாய்.

கொம்பைக் கழற்றிவிட்டு, அந்த வாயில் தகரப் புனல், புனலில் ரப்பர் குழாய், குழாய் முனையில் ஸ்டெதாஸ்கோப்பின் காதுப்பகுதி. இரண்டு மாலை வேலை. என் காதில் வைத்துப் பார்த்தேன். எஃகு ஊசியில் மண்டை பிளக்கிறது.

அப்பாவுக்கு எதிரே போய் நின்று, மெதுவாகச் சொல்லி, மாட்டிவிட்டேன். ஊசியை வைத்ததுமே முகம் சுளித்தார். "கத்துதுடா!" பிடுங்கி மேஜையில் போட்டார். அந்த நேரம் பார்த்துக் கிராணி வேலியோரம்.

"நான் என்ன சீக்காளியா? ஊரு பாக்க கயித்தக் கட்டி ஒக்கார வைக்கிறே? எடு இத!"

அப்பா என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசி மாதங்கள் ஆகின்றன.

தவறு இரண்டு. ஊசி. ஜன்னல்.

1 நவம்பர், வியாழன்.

மூங்கில் ஊசி சீவினேன். வேலிப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினேன். அப்பாவைக் கூப்பிடவில்லை. அவர் எதிரில் நாற்காலி போட்டு, குழாயை என் காதில் மாட்டிக்கொண்டு, பிளேட்டைப் போட்டுத் தாளம் போட்டேன். எனக்குத் தாளம் வராது. வீட்டுக்கே தெரியும்.

அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பருக்கு மேலே என் கையைப் பார்த்தார். மறுபடி பேப்பர். மறுபடி கை. அரை நிமிடம் தாங்கவில்லை.

"என்னடா தாளம் அது? ஒண்ணு நீளம், ஒண்ணு கட்டை. ரிவெட்டு கூட ஒழுங்கா விழும்!"

எழுந்து வந்து என் காதிலிருந்து குழாயை உருவித் தன் காதில் மாட்டிக்கொண்டார், எனக்குக் கற்றுக்கொடுக்க. கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது.

தாளம் போடவே இல்லை. கடைசி வரை. நான் அசையவில்லை. அம்மா கதவுக்குப் பின்னால்.

ஊசியைத் தூக்கியதும் உடனே கண்ணைத் திறந்தார்.

"இந்த ஆளு மேல போறதுக்கு முந்தி மூச்சு இழுக்குறான்டா. கேக்குது. மெஷின் வந்து நல்லாக் கேட்ட புதுசுலயும் இது கேட்டதில்லே."

பிறகு: "மறுபக்கம் போடு."

போட்டேன். அதுவும் முடிந்த பின், குழாயைக் கழற்றாமலே, மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கிரேன் மணி எனக்கு கேக்கலடா. வேணும்னு நிக்கலே."

"தெரியும்பா" என்றேன். எதிரே நின்று, மெதுவாக.

செய்ய வேண்டியவை:

1. பிரேக் குழாய்த் துண்டில் கவட்டை இணைப்பு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்கிற மாதிரி. நானும் மாட்டிக்கொண்டால்தான் அவர் ஜன்னலைத் திறந்து வைத்து உட்காருவார்.
2. மூங்கில் ஊசி இருபது. தீபாவளிக்குள்.
3. அடுத்த ஆயுத பூசை: சந்தனம் மூடியில் மட்டும்.
4. பாய்லர் பகுதிக்குள் போகும்போது என் காதில் பஞ்சு. சிரிக்கிறவன் சிரிக்கட்டும்.
5. நாளைக் காலை, ஷிப்ட் ஆரம்பிக்கும் முன், அப்பாவும் நானும் சார்ஜ்மேனிடம். கிரேனுக்குக் கீழிருந்து மாற்றி வேறு இடம் கேட்பது. பேசுவது அப்பா. நான் பக்கத்தில் நிற்பது மட்டும்.
6. சார்ஜ்மேன் என்ன பதில் சொன்னாலும், அதை அப்பாவுக்கு எதிரே போய் நின்று திருப்பிச் சொல்வது. ஒரே தடவை. கத்தாமல்.