லிஃப்ட் வாசலில் இருநூற்று ஐம்பத்தாறு பேர்

மெஹ்ர் 9, ஞாயிறு

ஒரு காகிதத்தில் "256 ப்ராசஸர் – 41 நிமிடம்" என்று எழுதி, கையெழுத்தும் போட்டு, பெரிய கணினி இருக்கும் இயந்திர அறைக் கதவில் ஒட்டிவிட்டேன். நாற்பத்து நான்கு வயதில் இந்த வீம்பு தேவையா?

ஈரானின் தென்மேற்கே, அஹ்வாஸ் பக்கம் வரும் தூசிப்புயலை முன்கூட்டிச் சொல்லும் நிரல். அதிகாலை நாலு மணிக்குத்தான் வானிலைத் தரவு வரும்; விடிவதற்குள் முடிந்தால்தான் அங்கே பள்ளிகளைத் திறக்கலாமா என்று சொல்ல முடியும். இப்போது அறுபத்து நான்கு ப்ராசஸரில் இரண்டரை மணி நேரம் ஆகிறது. ஆட்கள் நான்கு மடங்கு, நேரம் கால் பங்கு. அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளக் கொஞ்சம் கூட்டினால் நாற்பத்தொன்று.

இந்த மெஹ்ர் மாதம் 26ஆம் தேதி இயக்குநர் டாக்டர் ஸமீமி பார்க்க வருகிறார். தவறினால் இயந்திரம் பெட்ரோலிய நிறுவனக்காரர்களுக்குப் போய்விடும். நான், என் உதவியாளர் ஸெபீதே, மூத்தவர் என்ஜினியர் தவல்லாயி மூவரும் உணவகச் சீட்டு மென்பொருளுக்கு. கபாப் எத்தனை, சோறு எத்தனை.

மெஹ்ர் 10, திங்கள்

ஐந்து மணி நாற்பத்தொரு நிமிடம். நாலு மடங்கு ஆட்களைப் போட்டு இரண்டு மடங்கு தாமதம்.

ஸெபீதே காகிதத்தை நிதானமாகப் படித்தாள். மரியாதையாக 'கானும்', அதாவது அம்மணி, என்றே என்னைக் கூப்பிடுவாள். "கானும், நிமிஷம் சரியாத்தான் போட்டிருக்கீங்க. மணிதான் விட்டுப்போச்சு."

மெஹ்ர் 12, புதன்

அளந்து பார்த்தேன். யாரும் சும்மா இல்லை. இருநூற்று ஐம்பத்தாறு பேரும் நூறு சதவீதம் மும்முரம்; விசிறிகள் அலறுகின்றன. வரைபடத்தில் தூசி மட்டும் நகரவில்லை. அப்படி என்னதான் செய்கிறார்கள்?

மெஹ்ர் 15, சனி

காலையில் லிஃப்ட் வாசலில் எனக்கு முன்னால் டாக்டர் ஸமீமியும் தவல்லாயியும்.

"டாக்டர், நீங்க முதல்ல."

"உங்களுக்கு முன்னால நானா? நடக்கற காரியமா என்ஜினியர்?"

இருவரும் ஓரடி பின்வாங்கினார்கள். சற்றுப் பொறுத்து இருவரும் ஒன்றாகவே முன்னால் வந்தார்கள். தோளோடு தோள் இடித்தது. மன்னிப்பு. மறுபடி பின்வாங்கல். லிஃப்ட் காலியாகவே மேலே போனது. மூன்று தடவை பார்த்துவிட்டுப் படியேறினேன். நாலாவது மாடியில் நின்றுவிட்டேன். அட.

ப்ராசஸர்கள் ஒன்றோடொன்று பேசும் பகுதியை எழுதியவர் தவல்லாயி. திறந்து பார்த்தேன். பக்கத்துப் பக்கத்து ஆட்கள் இருவர் ஒரே நேரத்தில் பேச வந்தால் இருவரும் நிறுத்தி, ஒரே அளவு காத்திருந்து, மறுபடி ஒன்றாகவே தொடங்குகிறார்கள். மேலே எங்கள் ஊர் உபசார வழக்கப்படி அவர் எழுதிவைத்த குறிப்பு: "மூன்று முறை மறுத்தபின் ஏற்கலாம்." மூன்றுக்குப் பிறகு இருவரும் சேர்ந்தே ஏற்கிறார்கள். மோதல். மறுபடி முதலிலிருந்து. அறுபத்து நான்கு பேரில் இந்தச் சந்திப்பு எப்போதாவது நடக்கும். இருநூற்று ஐம்பத்தாறில் திரும்பிய இடமெல்லாம் லிஃப்ட் வாசல்.

அவர்கள் வேலை செய்யவில்லை. உபசாரம் செய்துகொண்டிருக்கிறார்கள். என் கணக்கில் அதற்கு இடமே விடவில்லையே.

தீர்வு ஒரே வரி: ஒவ்வொரு ப்ராசஸருக்கும் ஓர் எண் உண்டு, சிறிய எண் முதலில் போகட்டும். ஆனால் அந்த வரியை அவரிடம் யார் சொல்வது?

மெஹ்ர் 16, ஞாயிறு

சொன்னேன். தவல்லாயி மிட்டாய்த் தட்டை நீட்டினார்.

"என் நிரலா? அது ஒண்ணுமே இல்ல கானும். தூக்கிக் குப்பையில போடுங்க. உங்க கையால அழிஞ்சா அதுக்குப் பெருமை."

"அதைத் தொட எனக்கு என்ன தகுதி" என்றேன். வற்புறுத்தினார். மறுத்தேன். மறுபடி வற்புறுத்தினார். மூன்றாவது தடவை, "சரி, நாளைக்கே மாத்திடறேன்" என்றேன்.

தட்டு அந்தரத்தில் நின்றது.

மெஹ்ர் 17, திங்கள்

என் சலாமைக் கேட்டதும் தவல்லாயி திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஸெபீதே தலையில் கை வைத்துக்கொண்டாள். "மூணாவதுலயே சரின்னுட்டீங்களா? மோதிரம் அழகா இருக்குன்னா 'உங்களுதுதான்'னு சொல்லுவோம். கழட்டியா வாங்கிப்பீங்க?"

அவரே எழுதிய விதி மூன்றுதானே? நான் விதிப்படிதான் நடந்தேன். எதற்கு இவ்வளவு வலிக்கிறது?

மெஹ்ர் 22, சனி

தவல்லாயி கையெழுத்து இல்லாமல் மாற்றிய நிரலை ஓட்ட முடியாது. "கையெழுத்தா? உயிரையே தரேன்" என்கிறார். ஐந்து நாளாகப் பேனா கிடைக்கவில்லை.

மெஹ்ர் 24, திங்கள்

இன்று கையெழுத்துப் பேச்சையே எடுக்கவில்லை. நிரல் ஓடியதைப் படமாக்கி அவர் மேசையில் விரித்தேன். ஆளுக்கொரு கோடு, காத்திருந்த நேரமெல்லாம் சிவப்பு. தாள் முழுக்க மாதுளை உடைத்த மாதிரி.

"என்ன இவ்வளவு சிவப்பு?"

"எல்லாரும் 'நீங்க முதல்ல'ங்கறாங்க."

"யாரும் போகலையா?"

"யாரும் போகலை."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரிப்பு. தேநீர் தட்டில் சிந்தியது.

"நல்லாத்தான் வளத்திருக்கேன், இல்ல?"

பேனா சட்டைப்பையில்தான் இருந்தது.

மெஹ்ர் 26, புதன்

நாற்பத்து மூன்று நிமிடம்!

டாக்டர் ஸமீமி கதவுக் காகிதத்தைத் தட்டினார். "அந்த ரெண்டு நிமிஷம் எங்க போச்சு?"

நான் வாய் திறப்பதற்குள் தவல்லாயி சொன்னார்: "அது சலாம் சொல்ற நேரம், டாக்டர். அதையும் பிடுங்கிடாதீங்க."

கபாப் கணக்கு வேறு யாருக்கோ.

ஆபான் 6, சனி

இன்று அஹ்வாஸில் தூசி. நாலே முக்காலுக்கு எங்கள் வரைபடம் வந்தது, ஐந்து மணிக்கு வானொலியில் பள்ளி விடுமுறை. பிள்ளைகள் மறுபடி தூங்கப் போயிருப்பார்கள்.

லிஃப்ட் வாசலில் தவல்லாயி. பழக்கதோஷம், ஓரடி பின்வாங்கி, "நீங்க முதல்ல" என்றேன்.

கழுத்தில் தொங்கிய ஊழியர் அட்டையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னுடையதை.

"நான் நூத்திப் பதினாலு. நீங்க நூத்தி முப்பத்தொண்ணு." உள்ளே போய்விட்டார்.

என் அட்டையைப் பார்த்தபடி வெளியே நின்றேன். கதவு மூடப்போனதும் காலை வைத்துத் தடுத்தார்.

"வாங்க கானும். பின்னால ஆள் நிக்குது."