சிங்கப்பூருக்கு ஒரு பை

1984 பங்குனி 7, புதன்

காலையிலேயே வெக்கை. காற்றில்லை. விடுப்பு உறுதி, நான் வாதாடும் வழக்குகள் யாவும் தவணையிடப்பட்டன. திங்கட்கிழமை சுன்னாகத்தில் ரயில், மறுநாள் விமானம். மகள் வசந்திக்குத் தலைப்பிரசவம். அவளுடைய தாய் காலமாகிவிட்டபடியால் நான் ஒருவனே போகிறேன்.

மருமகன் எழுதியது: இங்கே வெயிலோடு ஈரமும், நின்றாலே வியர்வை, ஒரு பை போதும்.

எனவே: பருத்திச் சட்டை மூன்று. வேட்டி. சாரம் இரண்டு. துவாய். கடவுச்சீட்டு. கறுப்புக் கோட்டு (பரிசீலனையில்).

இந்த வயதில் முதல் விமானம். சட்டைகளை மடித்து, பிரித்து, மீண்டும் மடித்தேன். காரணம் எதுவுமில்லை.

பங். 8, வியாழன்

பக்கத்து வீட்டு மாஸ்டர் கம்பளிச் சட்டையுடனும் காது மூடும் தொப்பியுடனும் வந்தார். அவருடைய மகன் லண்டனிலிருந்து அனுப்பியவை.

"மாஸ்டர், சிங்கப்பூர் எங்கடை ஊரைவிட வெக்கை."

"உதை ஆர் சொன்னது? வெளிநாடெண்டா குளிர்தானே. கொண்டுபோங்கோ, பிறகு விறைச்சுக் கிடந்து என்னை நினைப்பியள்."

மறுத்தால் மனம் நோகும். பெற்றுக்கொண்டேன். மாலைக்குள் வேறு இரு வீடுகளிலிருந்தும் கம்பளி. இவ்வூரிலிருந்து புறப்பட்டவர்கள் எல்லாரும் குளிருக்கே போனவர்கள். வேறுவிதமான வெளிநாடு உண்டென்பதை எவரும் ஒப்புக்கொள்வதாயில்லை. பை பிதுங்குகிறது.

பங். 9, வெள்ளி

தொலைபேசியில் வசந்தி. வழமைபோல, ஒன்றும் கொண்டுவர வேண்டாம் என்றாள்.

"அப்பா... எனக்குச் சரக்கு ஆர் காய்ச்சித் தாறது?"

"நான்தான், பிள்ளை."

"உங்களுக்குத் தேத்தண்ணியே போடத் தெரியாது!"

சிரித்தாள். சிரிப்பின் முடிவில் குரல் உடைந்தது. இணைப்பும் அறுந்தது.

பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு தேறச் சரக்குக் கறி வைத்துக் கொடுப்பது தாயின் கடமை. தாய் இல்லாவிடத்து யார் என்பது பற்றி வழக்கம் மௌனம். மௌனம் தடையாகாது.

பங். 10, சனி

கம்பளிகள் அலுமாரிக்குள். மாஸ்டர் அறியார். கோட்டும் வெளியே. அந்த இடம் சரக்குக்கு. மனைவியின் தங்கை பூமணி உடுப்பிட்டியிலிருந்து வந்து வறுத்து இடித்தாள்: மல்லி, மிளகு, வேர்க்கொம்பு, மஞ்சள். வீடெங்கும் தும்மல். விமான நிலையத்தில் கேள்வி எழலாம். பொட்டலத்தின்மீது மும்மொழியிலும் உள்ளடக்கம் எழுதிக் கையொப்பமிட்டேன்.

"முத்திரையும் குத்துங்கோ அத்தான், குழம்பைச் சாட்சிக் கூட்டிலை ஏத்தலாம்."

குத்தினேன்.

பங். 11, ஞாயிறு

பரீட்சை. அடுப்படியில் நான், வாசலில் பூமணி, வாய் திறப்பதில்லை என்ற நிபந்தனையோடு.

முதற் சட்டி அடிப்பிடித்தது. "உதை நாய்க்கும் வையாதேங்கோ." நிபந்தனை மீறல்.

இரண்டாவது: மயிலிட்டிப் பால்சுறா, நிறைய உள்ளிப்பூண்டு. சரக்கைக் கரைத்துவிட்டு, நன்றாகக் கொதித்த பின் இறக்கினேன். புகை. கண்ணெல்லாம் நீர்.

பூமணி சோற்றில் விட்டுப் பிசைந்தாள். ஒரு வாய். இன்னொரு வாய். தீர்ப்புக்காக எத்தனையோ தடவை எழுந்து நின்றிருக்கிறேன். அகப்பையுடன் நிற்பது இதுவே முதல்.

சோற்றுக் கோப்பையை வழித்தாள்.

"அக்கா வைச்ச மாதிரி இல்லை, அத்தான்."

"தெரியும்."

"ஆனா எங்கடை பெட்டைக்குப் பால் சுரக்கும்."