இருநூற்றுப் பதினாலு பை ரெண்டு

பொன்னேரி
11.2.2007

அன்பு மகள் இளமதிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் இரண்டு எருமைகளும் சுகம், அங்கே பின்லாந்தில் நீயும் நீ உண்டாக்கிய நானூறு கோடி நட்சத்திரங்களும் சுகமா. நவரைப் பட்டத்துக்கு நாற்று விட்டாயிற்று. உன் கடிதம் புதன்கிழமை வந்தது, விதை எண்ணில் தப்பு இருக்கிறது, மாற்றிப் புது சிடி அனுப்பப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். மாற்றாதே. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேளு இதைக் கேளு என்று சொல்வதில் மறந்துபோகும். தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்று கேட்கிறாள். நட்சத்திரம் உண்டாக்கினது போதும், நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு என்கிறாள். எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது, இத்தனையையும் நீ ஒருத்தியாகவா செய்கிறாய்? நம் ஏழு ஏக்கர் நடவுக்கே இருபது ஆள் வேண்டியிருக்கிறது, அதிலும் நாலு பேர் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வருவதில்லை.

ஏன் மாற்றக்கூடாது என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி. போன தீபாவளிக்கு நீ போன் செய்து, தனியாக ஒரு விண்வெளி விளையாட்டு செய்கிறேன் அப்பா, ஒரே ஒரு எண்ணை விதையாகப் போட்டால் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு நட்சத்திரம் கிரகம் மலை பிராணி எல்லாவற்றையும் முளைக்க வைத்துவிடும், ராசியான எண்ணாக ஒன்று சொல் என்று கேட்டாய். எனக்குத் தெரிந்த ராசியான எண் நம் நிலத்து சர்வே நம்பர்தான். இருநூற்றுப் பதினாலு பை ரெண்டு என்றேன். பொங்கலுக்கு நீ அனுப்பிய சிடியை ஸ்டேஷன் பக்கத்து வரதன் பிரவுசிங் சென்டரில் போட்டுப் பார்த்தேன். அடேயப்பா! ஒரு கிரகத்தில் மூன்று சூரியன், இன்னொன்றில் ஆறு கால் வைத்த ஏதோ ஒன்று, தவளையா கன்றுக்குட்டியா தெரியவில்லை, பாறையைத் தின்றுகொண்டு நிற்கிறது. வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். டீக்கடையில் போய், என் மகள் நம் நிலத்து நம்பரைப் போட்டு ஒரு அண்டத்தையே முளைக்க வைத்திருக்கிறாள் என்று பெருமை பேசிவிட்டேன்.

மறுநாள் காலை வாசலில் உன் சித்தப்பா துளசிராமன். வரப்புச் சண்டை வந்து ஆறு வருஷம் ஆகிறது, அடுத்த தெருவில் இருந்துகொண்டு ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் மகன் பார்த்திபனுக்கு கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலை கிடைத்ததும் பெண் பார்த்ததும் கல்யாணம் நடந்ததும் எல்லாம் எனக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும், பத்திரிகை வந்தும் நான் போகவில்லை. அப்படிப்பட்டவன் வந்து நிற்கிறானே என்று எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவன் உட்காரக்கூட இல்லை. "ண்ணா, அது கூட்டுப் பட்டா. வெத பொதுன்னா வெளைச்சலும் பொதுதானே? நட்சத்திரத்துல பாதி என்னுது" என்றான். எனக்கு வந்ததே கோபம். வெதச்சது என் பொண்ணுடா, நீ களையாவது புடுங்கினியா என்று கேட்டேன். அவன் விடுவதாக இல்லை. இரண்டு பேரும் நேராகக் கிராம அதிகாரியிடம் போனோம். அவர் சிட்டாவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பெரியவரே, எனக்கு இந்தக் கிராமத்துக்கு மேல அதிகாரம் கெடயாது. மேலன்னா நெஜமாவே மேல" என்று கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார்.

பிறகு ரிட்டையர்டு சர்வேயர் மோசஸைக் கூப்பிட்டுக்கொண்டு வரதன் கடைக்குப் போனோம். பாவம், மனுஷன் நிலம் அளக்கிற சங்கிலியோடு வந்தார். ஒரு மணி நேரம் கப்பலை ஓட்டச் சொல்லிப் பார்த்தார், எந்தப் பக்கம் போனாலும் புதிதாக நட்சத்திரம் வந்துகொண்டே இருக்கிறது. "எல்லக் கல்லே இல்லாத எடத்த நான் எங்கேந்துப்பா அளக்கறது, பேஜாரா கீதே" என்று சங்கிலியைச் சுருட்டினார். கடைசியில் அவரே ஒரு தீர்ப்பும் சொன்னார், கப்பலுக்கு இடது கைப்பக்கம் இருப்பது அண்ணனுக்கு, வலது கைப்பக்கம் இருப்பது தம்பிக்கு. நல்ல தீர்ப்பு என்றுதான் நினைத்தேன். கப்பலைத் திருப்பினால் என்னுடையதெல்லாம் அவனுடையதாகிவிடுகிறது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அன்றிலிருந்து தினம் பத்து மணிக்கு இரண்டு பேரும் வரதன் கடையில் ஆஜர். ஒருவன் இல்லாத நேரத்தில் இன்னொருவன் கப்பலைத் திருப்பிவிடக்கூடாதே. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, மௌஸ் ஒரு நாள் அவன் கையில், ஒரு நாள் என் கையில். என் பக்கத்து மூன்று சூரியன் கிரகத்தில் நெல் போட்டால் வருமா என்று கேட்டேன், "மூணு சூரியன்ல நாத்து கருகிப்பூடும், கம்பு போடு" என்றான். அந்த ஆறு கால் பிராணி அவன் பக்கத்திலிருந்து என் பக்கம் வந்து பாறையை மேய்ந்துவிட்டது என்று அரை நாள் சண்டை போட்டோம். வாயடித்துச் சண்டை போட்டு எத்தனை நாளாயிற்று தெரியுமா, ஆறு வருஷமாக முறைத்துக்கொண்டு மட்டும்தானே இருந்தோம். நாலாவது நாள் உன் சின்னம்மா குப்பம்மாள் ஒரு டிபன் பாக்ஸில் எட்டு இட்லி கொடுத்தனுப்பினாள், "நாஷ்டா துன்னுட்டு சண்ட போடுங்க" என்று சொல்லச் சொன்னாளாம். சாப்பிட்டேன். காரப்பொடி அதிகம் என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

இந்த நிலைமையில்தான் உன் கடிதம் வந்தது. நான் சொன்ன பை என்ற சொல்லுக்கு நீ சாய்கோடு போட்டாயாம், கம்ப்யூட்டர் அதை வகுத்தல் என்று நினைத்து 214ஐ 2ஆல் வகுத்துவிட்டதாம், ஆகவே இது 107 என்ற எண்ணில் முளைத்ததாம். இதைத் திருத்தினால் இது மொத்தமும் போய் வேறு ஒன்று வருமாம். திரையில் வலது மூலையில் விதை எண் இருக்கும், பார்த்துக்கொள் என்றும் எழுதியிருக்கிறாய். ஏன்மா, நம் ஊரில் 107 எது என்று உனக்கு நினைவில்லையா? மேய்க்கால் புறம்போக்கு. ஊர் மாடெல்லாம் மேய்கிற இடம். அதற்காகத்தான் ஒரு மாதமாக நாங்கள் இரண்டு பேரும் அடித்துக்கொண்டிருக்கிறோம். இது துளசிக்குத் தெரிந்தால், நமக்குப் பாத்தியதை இல்லாத இடத்தில் என்ன வேலை என்று வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்விடுவான். மறுபடி இன்னொரு ஆறு வருஷம் காத்திருக்க எனக்கு வயசு இல்லை.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கே போய்த் திரையைப் பார்த்தேன். வலது மூலையில் எண்ணைக் காணோம், ஒரு பெரிய மெரூன் ஸ்டிக்கர் பொட்டுதான் இருந்தது. ஒரு மாதமாகத் தினம் பார்க்கிறேன், யாரோ பிள்ளைகள் விளையாட்டாக ஒட்டியது, கம்ப்யூட்டருக்கும் பொட்டா என்று சிரித்துக்கூட இருக்கிறேன். வரதனைக் கேட்டேன். "உங்க தம்பிதான் நைனா, துண்டுல ஒட்டிக்கினு இருந்தத எடுத்து மொத நாளே ஒட்டினாரு. சர்வேயரு சங்கிலிய சுருட்டிக்கினு இருந்தாரு, நீங்க அவராண்ட பேசிக்கினு இருந்தீங்க. மூலையில இன்னாவோ நம்பரு கண்ண உறுத்துதுன்னாரு" என்றான். பொட்டை உரித்துப் பார்த்தேன். 107. இந்த ஊரில் அந்த அளவுக்குப் பெரிய பொட்டு வைக்கிறவள் உன் சின்னம்மா ஒருத்திதான். முதல் நாளே அவனுக்குத் தெரிந்திருக்கிறது, பாதி கேட்க ஒன்றுமே இல்லை என்று. தெரிந்துதான் தினம் பத்து மணிக்கு வந்திருக்கிறான்.

அவன் வந்ததும், கப்பல் உன் பக்கம் சாஞ்சிகினு கீது, நிமித்துடா என்று நானே முதலில் சண்டையை ஆரம்பித்தேன்.

ஆகவே எண்ணை மாற்றாதே. உலகத்துக்கு விற்கிற விளையாட்டில் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள், வரதன் கடையில் இருப்பது மட்டும் இப்படியே இருக்கட்டும். சித்தப்பாவுக்குக் கடிதம் போட்டால் இதைப் பற்றி மூச்சு விடாதே, அவனுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியக்கூடாது. குளிருக்குக் காதை மூடிக்கொள். எடுத்த காரியம் எல்லாம் உனக்குக் கைகூடட்டும், நீ நன்றாக இருக்க வேண்டும், நீ போடுகிற விதையெல்லாம் பழுதில்லாமல் முளைக்க வேண்டும்.

உன் அப்பா
அரசப்பன்

பி.கு. உரித்த பொட்டில் பசை போய்விட்டது. உன் அம்மாவிடம் கேட்டு வாங்கி ஒட்டினேன், அவளுடையது சிறியது, பச்சை நிறம், எண்ணை மறைக்க இரண்டு வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை துளசி வந்து உட்கார்ந்ததும் அதைத்தான் பார்த்தான். டிபன் பாக்ஸைத் திறந்து என் பக்கம் ஒரு இட்லியை அதிகமாகத் தள்ளி வைத்தான்.