கழுத்தளவுக் கறை

குமராட்சி
புரட்டாசி 14

அன்பு மகள் இசைவாணிக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், ஆடுகள் இரண்டும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருக்க வேண்டும், இருந்தால்தானே நான் திட்டுவதைத் தாங்க முடியும். போனில் சொன்னால் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுதாகப் படி.

நேற்று உன் கம்பெனி ஆட்கள் வந்து பம்ப் கொட்டகை பக்கத்தில் பேட்டரிப் பெட்டி வைக்கக் குழி எடுத்தார்கள். சோலார் பலகையெல்லாம் போன வாரமே வந்துவிட்டது. இனி டீசல் புகையில் அப்பா இருமத் தேவையில்லை என்ற சந்தோஷத்தில் எல்லோருக்கும் டீ போட்டு எடுத்துக்கொண்டு போனேன். மேடை எவ்வளவு உயரம் வரும் என்று சூப்பர்வைசர் கலைமணியைக் கேட்டேன். ஒன்றரை அடி என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கொள்ளிடத்துத் தண்ணீர் வந்து நின்ற கறை அதே கொட்டகைச் சுவரில் என் கழுத்துக்கு இருக்கிறதே, கண் இல்லையா என்று சத்தம் போட்டேன். "நான் என்னாம்மா பண்றது, ஆபீஸ்ல போட்ட டிராயிங், ஒரு இஞ்ச் கூட மாத்த முடியாது" என்று காகிதத்தை நீட்டினார். அடியில் உன் கையெழுத்து.

வயிறு எரிகிறது வாணி. வேறு யாராவது போட்டிருந்தால், உங்கள் புனே ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு ஊர் தெரியாமல் போட்டுவிட்டான் என்று விட்டிருப்பேன். நீ பன்னிரண்டாவது படித்த வருஷம் வெள்ளம் வந்தபோது அப்பாவும் இன்னும் மூன்று பேரும் டீசல் இன்ஜினை மூங்கிலில் கட்டித் தோளில் தூக்கிப்போய் ஆற்றங்கரை மேட்டின் மேல் வைத்தார்களே, அதன் மேல் தார்ப்பாய் போட்டு மூன்று நாள் புத்தகமும் கையுமாகக் காவல் இருந்தது யார், நீதானே. தண்ணீர் இறங்கியதும் அந்த இன்ஜினால்தானே வயலில் நின்றதை இறைத்து நாற்றைக் காப்பாற்றினோம். இந்தப் பெட்டியை எத்தனை பேர் தூக்குவார்கள்? கிரேன் வைத்து இறக்கப் போகிறார்களாம். மழை நாளில் வெயில் இருக்காது, அதற்குத்தான் பேட்டரி என்று ஊரைக் கூட்டிவைத்துச் சொன்னாயே, அந்த மழையிலேயே அது முழுகிப்போனால் எதை வைத்து இறைப்பது? உன் பேச்சை நம்பி ஆறு குடும்பம் இன்ஜினை விற்றுவிட்டது. நம்முடையதும் போயாயிற்று, அதை வாங்கிய மேல்பட்டாம்பாக்கத்துக்காரர் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சம்பா நட்டுவிட்டோம், ஐப்பசிக்கு இன்னும் இருபது நாள்கூட முழுசாக இல்லை.

டீசலே இருக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. இது வர வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ப் பேசியவளே நான்தான், அதனால்தான் இத்தனை கோபம். "அம்மா, அந்தக் கறை எவ்வளவு உயரம்" என்று ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கக் கூடாதா? அவ்வளவு பெரிய ஆளாகிவிட்டாயா?

கான்கிரீட் ஊற்ற விடவில்லை. காலையிலிருந்து குழிக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன், இதையும் இங்கிருந்துதான் எழுதுகிறேன். அப்பா டேப் பிடித்து அளந்தார், தரையிலிருந்து நாலு அடி மூன்று அங்குலம். அதற்கு மேலே இன்னும் இரண்டு அடி வைத்து வரைந்து அனுப்பு. சனிக்கிழமை வரை வேலையை நிறுத்திவைக்கிறேன் என்று கலைமணி ஒத்துக்கொண்டார். இந்தக் கடிதத்தையும் அவரே போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவார்.

சற்று முன்னால் முத்தம்மாள் அக்கா வந்து எட்டிப் பார்த்தார், அவரும் இன்ஜினை விற்றவர்தான். காகிதத்தைக் காட்டி, "யாருடி இதப் போட்டது, யாரு கையெழுத்து இது" என்று கேட்டார். கலைமணி என் முகத்தைப் பார்த்தார். நீ வாங்கி அனுப்பிய கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருந்தது. கண்ணு சரியா தெரியலக்கா என்று சொல்லிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. திருவந்திபுரத்துப் பெருமாள் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும். நாலு அடி மூன்று அங்குலம், மறக்காதே.

இப்படிக்கு,
குழியை விட்டு இன்னும் எழுந்திருக்காத உன் அம்மா
மாலதி