திறக்காத தீவு

மார்ச் 3, ஞாயிறு

இல்லை, அக்கா பாதியில் நிறுத்தவில்லை. அறுந்தது இணைப்பு.

"ஒண்ணு சொல்லணும்டி. அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்னு சொல்லு" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் திரையில் அவள் கையிலிருந்த மண்வெட்டி அந்தரத்தில் நின்றது. கோழிகள் நின்றன. கடல் நின்றது. காதில் அவள் மூச்சு ஒரே இடத்தில் சிக்கி இழுபட்டு, பிறகு அதுவும் இல்லை.

விளையாட்டை மறுபடி திறந்தால் அப்டேட். அப்டேட் முடிந்து திறந்தால் கறுப்புத் திரை, நடுவில் அம்புக்குறி மட்டும் உயிரோடு.

போனில் கூப்பிட்டேன். பின்னால் குக்கர், குழந்தை, அவள் கணவர் யாரிடமோ சிரிப்பது.

"என்னவோ சொல்ல வந்தியே?"

"நானா? ஒண்ணுமில்லையே. மறந்துட்டேன். சாப்பிட்டியா?"

போனில் நாங்கள் வெறும் அக்கா தங்கை. சாப்பிட்டியா, மழையா, அம்மா பேசினாளா. அந்த விளையாட்டுத் தீவில் வேறு ஆட்கள். அங்கே கைக்கு வேலை இருக்கிறது, முகம் தெரிவதில்லை. வேலி கட்டிக்கொண்டே, விதை போட்டுக்கொண்டே பேசுவோம். குழந்தை பிறந்தபின் கண்ணாடியில் முகத்தை மட்டும்தான் பார்க்கிறேன் என்று அவள் சொன்னது அங்கே. ஆராய்ச்சிப் படிப்பை விட்டுவிட்டேன் என்று நான் முதலில் சொன்னதும் அங்கேதான், கோழிக்கூட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு.

அம்மாவுக்குத் தெரியக்கூடாத எது?


மார்ச் 4, திங்கள்

பதிப்பகத்தில் ஏழாம் வகுப்பு அறிவியல். பிழை திருத்த உட்கார்ந்து ஒரே பத்தியை நாலு தடவை படித்தேன்.

எதிர் மேசை வடிவமைப்பாளர் மதியம் என் திரையை எட்டிப் பார்த்தார். "இன்னும் கறுப்பாவே இருக்கு? பேசாம விண்டோஸ் போட்டுத் தொலையேம்மா."

என் கிழட்டு லேப்டாப் விண்டோஸைத் தாங்காது, இளைக்கும். அதனால் இலேசான லினக்ஸ் இயங்குதளம். அதுமட்டுமா? கொஞ்சம் திமிரும்தான்.

தீவு விண்டோஸுக்காக எழுதப்பட்டது. அதற்கும் லினக்ஸுக்கும் நடுவே வைன் என்று ஓர் அடுக்கு நிற்கிறது. விளையாட்டு விண்டோஸ் மொழியில் கேட்பதை எல்லாம் வாங்கி, லினக்ஸுக்குப் புரியும்படி சொல்லி, பதிலைத் திரும்ப விண்டோஸ் போலவே கொடுக்கிறது. ஒரு பொய் சி டிரைவ்கூட உண்டு. விளையாட்டு தன் சொந்த வீட்டில் இருப்பதாகவே கடைசிவரை நம்புகிறது.

இரண்டு வருடம் நம்பியது. இப்போது எதைக் கேட்டு, எதற்குப் பதில் வராமல் இப்படி விழிக்கிறது?


மார்ச் 5, செவ்வாய்

மதிய இடைவேளை. விளையாட்டு திறக்கவில்லை, ஆனால் அதைத் திறந்துவிடும் செயலி திறக்கிறது. ஓரத்தில் நண்பர்கள் பட்டியல். அதில் இருப்பதே ஓர் ஆள்.

அக்கா. பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. 'விளையாடிக்கொண்டிருக்கிறார்.'

செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில். அக்கா பாலங்கள் வடிவமைக்கும் நிறுவனத்தில் பொறியாளர். மதியம் பல் குத்தக்கூட நேரமில்லை என்பாள்.

கூப்பிட்டேன்.

"ஆபீஸ்ல இருக்கேன்டி" என்றாள், கிசுகிசுத்து. "மீட்டிங். அப்புறம் பேசறேன்."

பின்னால் மீட்டிங் இல்லை. ஒரு நாற்காலி இழுபடும் சத்தம். யாரோ "உஷ்" என்றது.

அவள் பேசிய நேரமெல்லாம் புள்ளி பச்சையாகவே இருந்தது.


மார்ச் 6, புதன்

இன்றும் பச்சை. காலையில் பார்த்தபோதும், மதியமும், நாலு மணிக்கும்.


மார்ச் 8, வெள்ளி

நேராகக் கேட்டால் என்ன?

கேட்டால் அவள் சிரிப்பாள். "வேவு பாக்கறியா?" என்பாள். பிறகு அந்தப் புள்ளியை அணைத்துவிடுவாள். ஒரே ஒரு சொடுக்கு. எனக்கு விளையாட்டே திறக்கவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன், அதனால் பட்டியலும் தெரியாது என்று நினைத்திருக்கிறாள். அவளைப் பற்றி இப்போது எனக்குத் தெரிந்த ஒரே உண்மை அந்தப் புள்ளிதான். அதையும் தொலைக்கவா?

எதுவும் கேட்காமல் உள்ளே போய் அவள் பக்கத்தில் நிற்க வேண்டும். அவ்வளவுதான் வேண்டும். அதற்கு இந்த எழவு ஓட வேண்டும்.

இணையத்தில் ஒரு லினக்ஸ் குழுவில் எழுதினேன். ஆந்தைப் படம் வைத்திருக்கும் ஒருவர்தான் பதில் போட்டார். முகமன் கிடையாது.

"லாக் எங்க?" ஓடும்போது நடப்பதை எல்லாம் கணினி குறித்து வைக்கும் கோப்பு அது.

அனுப்பினேன்.

"இது பழைய லாக். புதுசு."

அனுப்பினேன். வைனின் வேறு பதிப்பை மாற்றச் சொன்னார். மாற்றினேன். கறுப்புத் திரை இப்போது வெள்ளைத் திரை. முன்னேற்றமா?


மார்ச் 12, செவ்வாய்

காலை அவள் வீட்டு எண்ணுக்குக் கூப்பிட்டேன். அவள் கணவர் எடுத்தார்.

"மாமா, அக்கா இல்லையா?"

"உங்க அக்காவா? விடிஞ்சதும் பைய மாட்டிட்டுக் கிளம்பிட்டாங்க மேடம். ஏதோ பெரிய பாலமாம், வீட்டுல யாரும் மூச்சு விடக்கூடாது. ஏன், அவசரமா?"

"இல்ல மாமா, சும்மாதான்."

"சும்மா கூப்பிடற ஆளா நீ?"

சிரித்தார். நானும் சிரித்தேன். வைத்துவிட்டுப் பட்டியலைப் பார்த்தேன். பச்சை.

அவருக்கும் தெரியாது.


மார்ச் 13, புதன்

'தாவரங்கள் இரவில் ஒளியை வெளியிடுகின்றன.' இந்த வரியைத் திருத்தாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். வடிவமைப்பாளர் கண்டுபிடித்தார்.

"ஏம்மா, எங்க வீட்டுச் செடி மட்டும் ஏன் எரியல?"

மன்னிப்புக் கேட்டேன். ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்தேன். தண்ணீர் குடித்தேன். மறுபடி ஜன்னல். கீழே ஒருவர் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தார். கிளம்பவில்லை. இறங்கிப்போய்த் தள்ளிவிடலாமா என்றிருந்தது.


மார்ச் 14, வியாழன்

என்ன செய்து வைத்திருக்கிறேன்.

ஆந்தை எழுதியிருந்தார்: "பிரிஃபிக்ஸை அழிச்சிட்டுப் புதுசா போட்டுப் பாருங்க. முக்கால்வாசி கேஸ் அதுலயே சரியாயிடும்." பிரிஃபிக்ஸ் என்பது அந்தப் பொய் விண்டோஸ் முழுவதும் குடியிருக்கும் கோப்புறை. கெட்டுப்போனால் யாரும் பழுது பார்ப்பதில்லை. அழிப்போம், புதிதாகப் பிறக்கும். எத்தனையோ தடவை அழித்திருக்கிறேன். பஸ்ஸுக்கு நின்றுகொண்டே, லேப்டாப்பை ஒரு கையில் ஏந்தி, அழித்தேன்.

அடுத்த செய்தி பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு வந்தது.

"சேவ் ஃபைலை முதல்ல காப்பி எடுத்துட்டீங்கள்ல?"

தீவைச் சேமித்த கோப்பு அந்தக் கோப்புறைக்குள்தான் இருந்தது. பொய் சி டிரைவில், பொய்யாக ஒரு பயனர் பெயரில், 'ஆவணங்கள்' என்ற அறையில். எங்கள் தீவு என் கணினியில்தான் வாழ்ந்தது. அக்கா விருந்தாளியாக வந்துபோவாள். இந்த விளையாட்டு வெளியே எங்கும் பிரதி வைப்பதில்லை.

வேலி, கிணறு, கோழிக்கூடு. அவள் எனக்காகக் கட்டிய, கதவில்லாத ஓர் அறை.

வெள்ளைத் திரை அப்படியே இருக்கிறது. அழித்தும் ஓடவில்லை.


மார்ச் 17, ஞாயிறு

சொல்லிவிட்டேன். போனில்.

"அக்கா, தீவு போயிடுச்சு."

"போயிடுச்சுன்னா?"

"நான்தான். தெரியாம அழிச்சிட்டேன். எல்லாம்."

"கோழிங்க?"

"கோழிங்களும்தான்."

பிறகு ஒரு சத்தம். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். அழுதாள். என் அக்கா, கல்யாணத்தன்று அம்மாவும் நானும் மாறி மாறி அழுதபோது "போதும், மை கலையுது" என்று அதட்டியவள், இல்லாத கோழிகளுக்காகத் தேம்பித் தேம்பி அழுதாள். குழந்தை "ஏம்மா? ஏம்மா?" என்று கேட்பது கேட்டது.

"வெங்காயம்டா" என்றாள் அதனிடம். என்னிடம், "விடுடி, விளையாட்டுதானே" என்றாள். வைத்துவிட்டாள்.

கோழிகளுக்காக இல்லை. எனக்குத் தெரியும். எதற்காக என்றுதான் தெரியாது.


மார்ச் 18, திங்கள்

விடுமுறையா? நோயா? வேறு யாராவதா? ஒவ்வொன்றாக எடுத்து அவளுக்கு மாட்டிப் பார்க்கிறேன். எதுவும் பொருந்தவில்லை. எல்லாம் பொருந்துகிறது.

பச்சை.


மார்ச் 20, புதன்

ஆந்தை புது லாக்கை வரிவரியாகப் படித்திருக்கிறார். முன்பின் தெரியாத ஒருவருக்காக யார் அதைச் செய்வார்கள்?

"அப்டேட்ல தொடக்கத்துக்கு ஒரு குட்டி வீடியோ சேத்திருக்காங்க. அத ஓட்டத் தெரியாம உங்க வைன் முழிக்குது. அந்த ஃபைலோட பேர மாத்திடுங்க. கிடைக்கலன்னா விளையாட்டு அதத் தாண்டிப் போயிடும்."

"அப்போ பிரிஃபிக்ஸ அழிச்சிருக்க வேண்டியதே இல்லையா?"

"இல்ல. ஸாரி."

கோபம் வர வேண்டும். வரவில்லை. பெயரை மாற்றினேன். திறந்தது.


மார்ச் 21, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

மதியம். வடிவமைப்பாளர் வெளியே போயிருந்தார். தீவைத் திறந்தேன். எனக்கென்று ஒன்றுமில்லை. 'புதிய உலகம் தொடங்கவா?' என்று கேட்டது. தொடங்கவில்லை. பட்டியலில் அக்கா பச்சையாக இருந்தாள்.

"வரலாமா?" என்று தட்டினேன்.

புள்ளி அணையும் என்று காத்திருந்தேன். அணையவில்லை. பதிலும் இல்லை. என் நகத்தைப் பார்த்தேன், கடிக்க மிச்சம் இல்லை. பிறகு அழைப்பு வந்தது.

அவள் உலகத்துக்குள் நான் போனதே இல்லை. அப்படி ஒன்று இருக்கும் என்று புள்ளியைப் பார்த்தும் தோன்றியதில்லை.

ஒரு படகுத்துறையில் இறங்கினேன். எதிரே பாலம். இந்தக் கரையிலிருந்து எதிர்த் தீவு வரை, ஒரே அளவுத் தூண்கள், இரண்டு பக்கமும் விளக்கு. அதைத் தாண்டினால் இன்னொன்று, வளைந்து ஏறுவது. அதன் கீழே கால்வாய், கால்வாய்க்கு மதகு. மலையைக் குடைந்து ஒரு சாலை. சாலை முடிகிற இடத்தில் மறுபடி பாலம். இந்த விளையாட்டில் ஒவ்வொரு பலகையையும் கையால்தான் வைக்க வேண்டும். மரத்தைக்கூட நாமே வெட்ட வேண்டும்.

ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் விளையாடுகிறவள் கட்டக்கூடியது அல்ல அது. மாலையில் வீடு திரும்பிச் சமைக்கிறவள் மிச்ச நேரத்தில் கட்டக்கூடியதும் அல்ல. காலையிலிருந்து மாலை வரை, ஒவ்வொரு வேலை நாளும், வேறு எதுவுமே செய்ய இல்லாத ஒருத்தி கட்டியது.

நடந்துகொண்டே இருந்தேன்.

கடைசிப் பாலத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பேசவில்லை, தட்டினாள்.

"எப்படி ஓட வச்சே?"

"ஒரு வீடியோ பேர மாத்தினேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

கைப்பிடி பாதியில் நின்றிருந்தது. பெட்டியிலிருந்து பலகை எடுத்து, அவள் விட்ட இடத்திலிருந்து வைக்க ஆரம்பித்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அவள் எதிர்ப்பக்கம் வைத்தாள். நாலைந்து பலகை போயிருக்கும்.

"வேலை போயிடுச்சுடி."

வைத்துக்கொண்டே இருந்தேன்.

"ஜனவரியிலேயே. அன்னிக்கு மாமாகிட்ட சொல்லலாம்னு வந்தேன், அவர் குழந்தைக்கு ஸ்கூல் பாத்துட்டு சந்தோஷமா நின்னாரு. மறுநாள் சொல்லலாம்னு நெனச்சேன். மறுநாள் பையை மாட்டிட்டு இறங்கிட்டேன். இப்போ நூலகத்துல இருக்கேன். இங்கதான் தினமும். காவலாளிகூட குட்மார்னிங் சொல்றாரு."

இத்தனை புத்தகம் படித்து, இத்தனை பிழை திருத்தி, ஒரு வாக்கியம் வரவில்லை.

"அந்தத் தூண் கோணலா இருக்கு" என்று தட்டினேன்.

"உன் கண்ணு கோணல்."

"ரெண்டாவது."

"போடி. அளந்து வச்சது."

அவள் உருவம் அந்தத் தூண் வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியது. நூலகத்தில் அவள் சிரித்திருப்பாள், யாராவது "உஷ்" சொல்லியிருப்பார்கள்.

"மாமாகிட்ட சொல்லிடு, அக்கா."

"இந்தப் பாலம் முடியட்டும்."

"முடிஞ்சா அடுத்தது ஆரம்பிப்பே."

நின்றாள். பலகை கையில் இருக்க, வெகு நேரம் நின்றாள். மறுபடி இணைப்பு போய்விட்டதோ என்று பயந்தேன். கடல் அசைந்துகொண்டுதான் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை சொல்றேன்" என்று வந்தது. "நீ வர்றியா? ஒண்ணும் பேச வேண்டாம். சும்மா என் பக்கத்துல உக்காந்திரு."

"வர்றேன்."

"விளையாட்டுல இல்லடி. வீட்டுக்கு."

"புரிஞ்சுது."


மார்ச் 22, வெள்ளி

திங்கட்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தேன். காரணம்: சொந்த வேலை. அக்கா ஊருக்கு, சனிக்கிழமை காலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்தேன். இரண்டு நாளுக்குத் துணி எடுத்து வைத்தேன். லேப்டாப்பை எடுத்துப் போகவில்லை, அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.